சின்ன பேரா குடுப்பா

2009. பொறியியல் முதலாமாண்டு, சி மொழி லேப். பயனரிடம் பெயரைக் கேட்டு, வாங்கிச் சேமித்து, திரும்பக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. ஒரு அரே, அதில் இருபது எழுத்துக்கு இடம். அடுத்த வரியில் கெட்ஸ். எல்லோருக்கும் ஓடியது. பக்கத்து சீட் நண்பன் மட்டும் ஊர்ப்பெயர், தாத்தா பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து அடித்தான். கறுப்புத் திரை அப்படியே உறைந்து நின்றது. மேடம் வந்து பார்த்தார். "சின்ன பேரா குடுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அந்தப் பதில் போதாது என்று உலகத்துக்குத் தெரிந்து அப்போதே 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அதில் ஒரு அரேயை ஃபங்ஷனிடம் கொடுத்தால், போய்ச் சேர்வது முதல் எழுத்தின் முகவரி மட்டுமே. எத்தனை எழுத்துக்கு இடம் என்ற தகவல் கூடப் போகாது. கெட்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே எழுதத் தொடங்குவது என்பதுதான். எதிரில் இருப்பவர் என்டர் தட்டும்வரை எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்தால் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதும். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். இங்கே பாத்திரத்தை ஏந்தியவனுக்கே அதன் அளவு தெரியாது.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் வில்லங்கம். ஃபங்ஷன் முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் பெரும்பாலும் அதே ஸ்டாக்கில் சற்றுத் தள்ளி இருக்கும். அதன் மேல் கண்டதையும் எழுதினால் நிரல் விழும். கணக்குப் பார்த்து எழுதினால், எழுதியவர் காட்டும் இடத்துக்குப் போகும்.

1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் இணையத்தில் ஒரு வார்மை விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர். பயனர் பெயரைக் கொடுத்தால் அவரைப் பற்றிய விவரம் சொல்லும் எளிய சேவை. எங்கள் லேப் நிரலைப் போலவே அதுவும் ஒரு பெயரைக் கேட்டது. அதுவும் கெட்ஸால் வாங்கியது. இடம் 512 பைட். வார்ம் அனுப்பியது 536. வழிந்த பகுதி திரும்பும் முகவரியை மாற்ற, வாக்ஸ் கணினிகள் வார்மின் கட்டளைக்குப் பணிந்தன. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்பது அன்றைய தோராயக் கணக்கு. 1990-இல் மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகப்பணி, 10,050 டாலர் அபராதம்.

கெட்ஸுக்கு என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டு, 1989-இல், சி மொழியின் முதல் தரநிலை ஏற்கப்பட்டபோது அது உள்ளேயே இருந்தது. 1999 தரநிலையிலும் இருந்தது. அளவையும் சேர்த்துக் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸ் பக்கத்திலேயே இருந்தும், பழைய நிரல்கள் உடையக் கூடாதே என்ற கவலை பெரிதாக இருந்தது. 2011 டிசம்பரில் வந்த சி11-இல்தான் கெட்ஸை எடுத்தார்கள். வார்ம் வந்து 23 ஆண்டுகள் கழித்து.

அதனால் மேடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது அன்று தரநிலையிலேயே இருந்தது. ஆனால் நாங்கள் அன்று கற்றுக்கொண்டது ஒரு ஃபங்ஷனை மட்டுமல்ல. நிரல் உடைந்தால் தப்பு, நீளமான பெயர் வைத்திருப்பவன் மேல் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டோம்.

இன்று பைத்தானில் இன்புட் என்று எழுதினால் வருவதற்கு ஏற்ப இடம் வளர்கிறது. ஆனாலும் டேட்டாபேஸில் பெயருக்கு ஐம்பது எழுத்து என்று ஒதுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். ஐம்பத்தோராவது எழுத்து வந்தால் என்ன ஆகும்? வெட்டுமா, விழுமா, மன்னிக்கவும் என்று சொல்லுமா? அதை எழுதி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன். நண்பனின் முழுப்பெயரைத்தான் இப்போதும் முதலில் அடித்துப் பார்ப்பேன்.