விலை பூஜ்யம், ஆனாலும் விநியோகிக்க முடியவில்லை!

நண்பர்களே, ஓசியில் கிடைத்தால் போதுமா? க்யூடி கதையைப் பாருங்கள்.

நார்வேயின் ட்ரோல்டெக் உருவாக்கிய இந்த வரைகலை நிரலகம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். 1996-ல் தொடங்கிய கேடிஈ அதன்மேல்தான் கட்டப்பட்டது. லினக்ஸில் கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்குக் காசு வேண்டாம். ஆனால் அப்போது க்யூடியைத் திருத்தி வெளியிட அனுமதி இருக்கவில்லை. கேடிஈயின் ஜிபிஎல் உரிமமோ, தன்னோடு இணையும் நிரலகத்துக்கும் அந்த அனுமதி வேண்டும் என்றது. இந்த உரிமச் சிக்கலால்தான் 1997-ல் ஜிடிகே நிரலகத்தை வைத்து க்னோம் தொடங்கப்பட்டது. 1998 அக்டோபரில் டெபியன் கேடிஈ பொதிகளையே நீக்கியது.

2000 செப்டம்பரில் க்யூடி 2.2 ஜிபிஎல்லில் வந்தது. 2002-ல் டெபியன் 3.0 கேடிஈயுடன் வெளியானது.

வணிகவியல் படிக்கும் எனக்குப் புரிந்தது இதுதான்: பில்லில் உள்ள தொகையைவிட ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனையை முதலில் படிக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?