‘மகாய்முரா’ வரிசை ஆட்டங்களில் கடினத்தின் போக்கு (1985–2021)

டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று அடுத்தடுத்து வந்த ஆலைகளால் 1980களில் ஓசூர் தொழில் நகரானது. அந்த ஆலைக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்த 1990களில் கடைகளில் கிடைத்தவை சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலான டிவி கேம் பெட்டிகள். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் வழி வந்தவை அவை. கிருஷ்ணகிரியில் ஆடினாலும் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஆடினாலும் அந்தத் தலைமுறைக்குக் கடினமான ஆட்டம் என்றால் ‘கான்ட்ரா’தான். அதில் ஒரே குண்டில் உயிர் போய்விடும். ஆனால் 30 லைஃப் தரும் பொத்தான் வரிசையும் அதிலேயே இருந்தது. அத்தகைய சலுகைகளுக்கு எளிதில் இறங்கிவராத ஒரு வரிசையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது: உலகச் சந்தையில் ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ என்று பெயர் பெற்ற, காப்காம் நிறுவனத்தின் ‘மகாய்முரா’.

இந்த வரிசை முழுவதும் ஒரே அளவில் கடினம் என்பது பொதுவான கருத்து. ஆட்டங்களை ஆண்டு வாரியாக வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. ஆட்டக்காரரிடம் பணம் எந்த வழியில் வாங்கப்பட்டதோ, அதற்கேற்பக் கடினமும் மாறியிருக்கிறது.

1985இல் டோகுரோ ஃபுஜிவாரா உருவாக்கிய முதல் ஆட்டம் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கானது. இளவரசியை மீட்கப் புறப்படும் ஆர்தர் முதல் அடியில் கவசத்தை இழந்து உள்ளாடையோடு நிற்பான். இரண்டாவது அடியில் எலும்புக் குவியலாகிவிடுவான். தாவிய பிறகு காற்றில் திசை மாற்ற முடியாது. வழியில் கிடக்கும் தீப்பந்தத்தைத் தெரியாமல் எடுத்துவிட்டால் கையிலிருந்த ஈட்டி போய்விடும். எல்லாக் கட்டங்களையும் முடித்தவருக்கு, இதுவரை கண்டது சாத்தானின் மாயை என்ற அறிவிப்பு வரும்; முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாம் சுற்றை முடித்தால்தான் உண்மையான முடிவு. ஓர் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த காசு விழும் என்பது அந்த இயந்திரங்களின் கணக்கு. தாவல் விதியை நான் குறை சொல்லமாட்டேன். காலைத் தூக்கும் முன்பே முடிவெடுக்க வைக்கும் விதி அது. செய்த பிழை ஆட்டக்காரருக்கே புரிந்துவிடும். இரண்டாம் சுற்று அப்படியல்ல, அப்பட்டமான வசூல்.

1986இல் இதே ஆட்டம் ஃபேமிகாம் கேசட்டாக வந்தது. அந்தப் பொறுப்பு மைக்ரோனிக்ஸ் என்ற வெளி நிறுவனத்திடம் போயிற்று. விளைவு, படம் தத்தித் தத்தி நகரும். உருவங்கள் சிமிட்டி மறையும். வீட்டில் காசுப்பெட்டி இல்லை, ஆனாலும் காசுப்பெட்டிக்காக எழுதிய விதிகள் அப்படியே தொடர்ந்தன. நம் ஊர் டிவி கேம் பெட்டியில் ஓடக்கூடியது இந்த வடிவம்தான் என்பதால் இது நமக்கு முக்கியம். இதில் தோற்றவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. பாதிக் கடினம் தயாரிப்புக் கோளாறு.

1988இன் ‘டாய்மகாய்முரா’வும் காசு இயந்திர ஆட்டமே. ஆனால் தலைக்கு மேலும், தாவும்போது காலுக்குக் கீழும் ஆயுதம் எறியலாம். தங்கக் கவசம் கிடைத்தால் மந்திரமும் உண்டு. எதிரிகள் குறையவில்லை, எதிர்க்கும் வழிகள் கூடின. அடுத்த ஆண்டு சேகா மெகா டிரைவுக்கு இதைக் கொண்டுவந்தவர், பின்னாளில் ‘சோனிக்’கின் நிரலாளராகப் புகழ்பெற்ற யூஜி நாகா.

1991இன் ‘சோமகாய்முரா’ நேராக வீட்டுக்கென்றே, சூப்பர் ஃபேமிகாமுக்காக எழுதப்பட்டது. காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவும் வசதி வந்தது. மேல்நோக்கி எறியும் வசதி போயிற்று. தாவல்தான் இப்போது ஆட்டத்தின் மையம். இருந்தும் இரண்டாம் சுற்றை விடவில்லை. இளவரசியின் கைவளையத்தைத் தேடி ஆட்டக்காரர் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டியிருந்தது. காசுப்பெட்டி இல்லாத இடத்தில் இதைப் பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2006இல் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கு ஃபுஜிவாராவே திரும்பி வந்து ஓர் ஆட்டம் தந்தார். கடினத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருந்தாலும், பொருள்களைத் தேடிச் சேர்க்கும் வேலை அதில் அதிகம். மறு ஆண்டே ஜப்பானில் திருத்திய பதிப்பு வந்தது. 2021இன் ‘ரெசரெக்‌ஷன்’ நான்கு நிலைகளை முன்வைக்கிறது. மிக எளிய நிலையில் விழுந்த இடத்திலேயே எழுந்துவிடலாம். முழு விலையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டவரைப் பாதியில் விரட்டுவதால் நிறுவனத்துக்கு லாபம் ஏதுமில்லையே.

என் மதிப்பீட்டில் 1988ஆம் ஆண்டு ஆட்டமே இவற்றில் நேர்மையானது: கடினமும் குறையவில்லை, ஏமாற்றும் அதிகமில்லை. 1991 அழகில் அதை மிஞ்சும், நியாயத்தில் மிஞ்சாது. 1985இன் மூல ஆட்டமோ ‘காப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்’ தொகுப்பில் தனி விலைக்கு இன்றும் கிடைக்கிறது. அதில் செத்த ஆட்டத்தைப் பின்னோக்கிச் சுற்றித் திரும்ப ஆடும் பொத்தானும் சேர்ந்தே வருகிறது.