எலுமிச்சையும் சர்க்கரையும்



கடலூரிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் நெல்லிக்குப்பம் என்றோர் ஊர் உண்டு. அதன் பெயரைக் கேட்டதும் கரும்பும் சர்க்கரை ஆலையும் நம் நினைவுக்கு வரும். இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஒரு சிறு தின்பண்டத்தின் கதை. எனினும் அக்கதை நம்மை இறுதியில் நெல்லிக்குப்பத்துக்கே அழைத்துச் செல்லும்.

எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய் ஆகிய நான்கையும் இளஞ்சூட்டில் கிளறி, ரொட்டியில் தடவி உண்பதற்கு ஏற்ற கூழாக ஆங்கிலேயர் செய்வர். அதற்கு 'லெமன் கர்ட்' என்று பெயர். 'கர்ட்' என்றால் தயிர் அல்லவா? அதில் தயிர் ஒரு துளியும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். 1844-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஒரு சமையல் நூல் இதற்கு விடை தருகிறது. பாலேட்டில் எலுமிச்சைச் சாற்றை விட்டுத் திரியச் செய்து, துணியில் வடித்தெடுத்த திரட்டையே அந்நூல் அப்பெயரால் குறித்தது. பிற்காலத்தில் செய்முறை மாறிற்று. முட்டையும் வெண்ணெயும் வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

இப்பண்டத்தின் உயிர்நாடியான புளிப்பும் இனிப்பும் இங்கிலாந்துக்கு உரியவை அல்ல. எலுமிச்சை இனம் இமயத்தின் கிழக்கு அடிவாரத்தையும் அதை அடுத்த நாடுகளையும் தாயகமாகக் கொண்டது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலையோ இந்தியாவில் பிறந்தது. 'சர்க்கரா' என்னும் வடசொல்லே பாரசீகம், அரபு மொழிகளின் வழியே சென்று ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் உள்ளது. பழத்தையும் கரும்பையும் மத்தியதரைக் கடல் நாடுகளில் பரப்பியவர்கள் அராபியர்.

அங்கிருந்து தொடங்கும் கதை இனிப்பானதன்று. 1493-இல் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தில் கரும்பை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஐரோப்பியர் சுவைத்த சர்க்கரையில் அவர்களுடைய கண்ணீர் கலந்திருந்தது. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1836-இல் வங்காளச் சர்க்கரைக்கும் மேற்கிந்தியச் சர்க்கரைக்கும் இறக்குமதி வரி சமமாக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்கும் அச்சலுகை கிட்டியது. இந்தியச் சர்க்கரைக்கு இலண்டன் சந்தையின் கதவு திறந்தது.

இந்தக் காலத்தில்தான், 1842-இல், நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் சர்க்கரை ஆலையை நிறுவிற்று. சென்னையின் பாரிமுனைக்குப் பெயர் தந்த அந்த நிறுவனம் 1788-இல் தொடங்கப்பட்டது. தென்னார்க்காட்டு உழவர் விளைத்த கரும்பு ஆலைச் சர்க்கரையாக மாறியது. பின்னர் 1914-இல் அதே ஊரில் மிட்டாய்த் தொழிலும் தொடங்கிற்று. கரும்பு விளைந்த ஊரிலேயே மிட்டாயும் உருவாயிற்று.

ஆனால் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அந்தக் கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. 1834 முதல் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசுத் தீவுக்குச் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்ற தமிழரும் தெலுங்கரும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம் ஊரில் கரும்பு விளைந்துகொண்டிருக்க, அதே கரும்பை வெட்டக் கடல் கடந்தது அவர்களுடைய விதி!

1874-இல் இங்கிலாந்து சர்க்கரை வரியை அறவே நீக்கியது. செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த சர்க்கரை ஏழையின் அடுக்களைக்கும் வந்தது. பழக்கூழ்களும் பாகுகளும் பெருகின.

இனி அதைச் செய்யும் முறையைப் பார்ப்போம். நம் சிறு எலுமிச்சம்பழம் 6, சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 3 போதும். பழத்தின் மேல்தோலை மட்டும் மெல்லச் சீவிக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும். சீவிய தோல், சாறு, சர்க்கரை, அடித்த முட்டை ஆகியவற்றை ஒரு பாத்திரத்தில் கலந்து, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இடைவிடாது கிளற வேண்டும். நேர்த் தீயில் வைத்தால் முட்டை கட்டிகட்டியாகத் திரிந்துபோகும். ஏறத்தாழ 75 முதல் 80 பாகை வெப்பத்தில் கலவை கெட்டிப்படும். முட்டையின் புரதம் விரைந்து இறுகாதபடி சர்க்கரை அதனைத் தாங்கி நிற்கும். கரண்டியின் பின்புறத்தில் கலவை படியும் பதத்தில் இறக்கி, வெண்ணெயைச் சேர்த்து, வடிகட்டிச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் இடவேண்டும். ஊறுகாயைப் போல் இது ஆண்டுக்கணக்கில் நில்லாது. முட்டையும் வெண்ணெயும் இருப்பதால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும்.

நண்பர்களே, வரலாறு என்பது மன்னர்களின் போர்க்களத்தில் மட்டும் நிகழ்வதன்று. அடுக்களையிலும் அது நிகழ்கிறது. சர்க்கரை நாவில் கரைந்துவிடும். அதை விளைத்தவர்களின் வரலாறு அவ்வாறு கரைந்துவிடலாகாது. அடுத்த முறை ஒரு கரண்டிச் சர்க்கரையைக் கையில் எடுக்கும்போது, நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயல்களையும் நேட்டாலுக்குச் சென்ற கப்பலையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.