நீர்ப்பாம்பும் அதன் பெயர்களும்: சோழமண்டலக் கரையில் தொடங்கிய ஒரு வகைப்பாட்டின் வரலாறு

முன்னுரை

தமிழர் வாழும் நிலப்பரப்பில் ஏரி, குளம், வாய்க்கால், நெல்வயல் ஆகியவற்றை அறிந்த எவரும் நீர்ப்பாம்பை அறிவர். மீனும் தவளையும் தின்று வாழும் இப்பாம்புக்கு நஞ்சு இல்லை. பிடித்தால் சினந்து கடிக்கும். கடிவாயில் குருதி கசியும். அதற்குமேல் தீங்கு இல்லை. இலக்கியத்திலும் வழிபாட்டிலும் நல்ல பாம்புக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. எனினும், இதன் அறிவியற்பெயரின் வரலாறு தமிழியல் ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றாகும். கீழைக்கரையில் மக்கள் வாயில் வழங்கிய ஒரு பெயர் ஐரோப்பிய நூலொன்றில் ஏறி, இலத்தீன் பெயராக மாறிய போக்கில் எதை இழந்தது, அவ்விழப்பினின்று நாம் கற்க வேண்டியது யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. ரசலின் நூலும் ஒரு சொல்லும்

ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான பாட்ரிக் ரசல் 1780களின் தொடக்கத்தில் விசாகப்பட்டினம் வந்தார். 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பொறுப்பேற்று, 1789இல் நாடு திரும்பினார். சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1796இல் இலண்டனில் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. நஞ்சுடைய பாம்பை நஞ்சற்றதினின்று பிரித்தறியும் வழியைக் கண்டறிவதே அவருடைய முதன்மை நோக்கம். அதன்பொருட்டுப் பற்களை ஆராய்ந்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கச் செய்து விளைவுகளைக் குறித்தார். பாம்புக்கடிக்கு மருந்தாகப் புகழ்பெற்றிருந்த, பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்துப் பார்த்தார்.

அந்நூலின் சிறப்பு, பல பாம்புகளுக்கு அவர் உள்ளூர்ப் பெயர்களையே தலைப்பாக வைத்தமையாகும். விசாகப்பட்டினத்தில் பணியாற்றியதால் அப்பெயர்களுள் பல தெலுங்குச் சொற்கள். 33ஆம் படத்திலுள்ள நீர்ப்பாம்புக்கு அவர் தந்த பெயரை ரோமன் எழுத்தின்வழி 'நீலி கோயா' என வாசிக்கலாம். இங்கேதான் சிக்கல் எழுகிறது. ரோமன் எழுத்து லகர ளகர வேறுபாட்டைக் காட்டாது. முதற்சொல் தெலுங்கில் நீல நிறத்தைக் குறிக்கும் 'நீலி' ஆகலாம். நீரைக் குறிக்கும் 'நீள்ளு' என்பதன் திரிபும் ஆகலாம். பாம்பின் நிறமோ பழுப்பும் ஒலிவப் பச்சையும் கலந்தது. உடலில் கறுப்புக் கட்டங்கள் உண்டு. ஆதலின் நீர் என்னும் பொருளே பொருந்துமெனத் தோன்றுகிறது. மலையாளத்தின் 'நீர்க்கோலி', சிங்களத்தின் 'தியபரியா', தமிழின் 'தண்ணீர்ப்பாம்பு' ஆகிய மூன்றும் நீரையே முன்னிறுத்துவது இக்கருத்துக்கு அரண் சேர்க்கிறது. எனினும் இஃது ஊகமே. பெயரைச் சொன்னவர் யார், எவ்வூரினர், எவ்வாறு ஒலித்தார் என்பன பெயருடன் நமக்கு வந்து சேரவில்லை.

2. கிரேக்க அகராதியாசிரியர் தந்த பெயர்

இப்பாம்புக்கு அறிவியற்பெயர் சூட்டியவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். செருமானியச் செம்மொழிப் புலவரும் கிரேக்க–செருமன் அகராதி தொகுத்தவருமான யோகான் கோட்லோப் சினைடர் 1799இல் வெளியிட்ட நூலில், ரசலின் 33ஆம் படத்தையே சான்றாகக் கொண்டு 'ஹைட்ரஸ் பிஸ்கேட்டர்' எனப் பெயரிட்டார். 'பிஸ்கேட்டர்' என்பது மீனவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பாம்பின் வாழ்முறையை உணர்த்தும் வகையில் அது பொருத்தமான பெயரே. ஆயின் உள்ளூர்ப் பெயர் அங்கேயே உதிர்ந்துவிட்டது.

சினைடரின் 'ஹைட்ரஸ்' என்னும் பேரினத்தில், நஞ்சற்ற நன்னீர்ப் பாம்பும் கொடிய நஞ்சுடைய கடற்பாம்புகளும் ஒருங்கே இடம்பெற்றன. ரசல் பிரித்தறிய முயன்ற வேறுபாடு, நீரில் வாழ்வன என்னும் பொதுமையில் மறைந்தது. நெய்தல் நில மக்கள் வழக்கிலோ அம்மயக்கம் இல்லை. கடற்பாம்பொன்றை அவர்கள் 'வலக்கடியன்' என்றனர். வலையைக் கடிப்பது என்பது அதன் பொருளாகலாம். அச்சொல் ஐரோப்பிய நூல்களுள் புகுந்து, பூலஞ்சர் 1896இல் வெளியிட்ட பாம்புப் பட்டியலில் 'என்ஹைட்ரினா வலகாடியன்' என அறிவியற்பெயராகவே நின்றது. பின்னர் முன்னுரிமை விதியின்படி தொடோன் 1803இல் தந்த பெயருக்கு இடம்விட்டு விலகியது. அதே 1803இல் தொடோன் அமைத்த 'பங்காரஸ்' என்னும் கட்டுவிரியன் பேரினப் பெயர், பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லினின்று வந்தது. அஃது இன்றும் நிலைத்துள்ளது. நம் மொழிகளின் சொற்கள் அறிவியலில் தங்குவதும் நீங்குவதும் அவற்றின் தகுதியால் அன்றி, முந்திப் பதிப்பித்தவர் யார் என்பதாலேயே அமைந்தன என்பதற்கு இவை சான்று.

3. ஒரு பெயருக்குள் மறைந்த பல சிற்றினங்கள்

பேரினப் பெயரும் நிலைத்து நிற்கவில்லை. முதுகுச் செதில்களின் நடுவே மெல்லிய முகடு ஓடுவதால், 'முகட்டு முதுகு' எனப் பொருள்படும் 'டிரோப்பிடோனோட்டஸ்' என்னும் பேரினத்தில் 19ஆம் நூற்றாண்டினர் இதனை வைத்தனர். மால்கம் சுமித் 1943இல் பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதியில் 'நேட்ரிக்ஸ்' என்றார். 1960களில் மால்நேட் முதலியோரின் ஆய்வால் 'சீனோக்ரோஃபிஸ்' ஆயிற்று. 2018இல் மரபணுச் சான்றுகளை ஆராய்ந்தோர், தியோபால்டு 1868இல் அமைத்த 'ஃபௌலியா' என்னும் பேரினத்தை மீட்டு, அதில் இதனைச் சேர்த்தனர். 'சீனோக்ரோஃபிஸ்' என்பது கேண்டர் 1839இல் விவரித்த 'செரசோகாஸ்டர்' என்னும் சிற்றினத்துக்கு உரியதாயிற்று.

இம்மாற்றங்களினும் முக்கியமானது சிற்றின எல்லை பற்றிய சிக்கல். 'பிஸ்கேட்டர்' என்னும் ஒரு பெயர் இந்தியா முதல் சாவகம் வரையுள்ள பாம்புகளுக்கெல்லாம் நெடுங்காலம் வழங்கியது. இலங்கையிலுள்ளதைப் பூலஞ்சர் 1891இல் 'அஸ்பெரிமஸ்', அதாவது மிகவும் சொரசொரப்பானது, எனத் தனித்து விவரித்திருந்தும், பின்வந்தோர் சிலர் அதனை இந்தியப் பாம்பின் உட்பிரிவாகவே கருதினர். இன்று அஃது இலங்கைக்கே உரிய சிற்றினம். அந்தமான் தீவுகளுக்குரியதைப் பிளைத் 1863இல் 'டைட்லெரி' என்றார். சாவகத்துக்குரிய 'மெலன்சோஸ்டஸ்' என்னும் பெயர் 1807ஆம் ஆண்டினது. தென்கிழக்காசியப் பெருநிலத்துக்குரியது 'ஃபிளாவிபங்டேட்டஸ்'. ஃபோகல், டேவிட் ஆகியோர் 2006இலும் 2012இலும் வெளியிட்ட ஆய்வுகள் இவற்றின் வேறுபாடுகளைத் தெளிவுபடுத்தின. சான்றாக அமைந்தது ஒரு படம். அப்படத்துக்குரிய இடம் சினைடர் காலத்தில் 'கீழை இந்தியா' என்னும் அளவிலேயே அறியப்பட்டது. இடம் துலங்காப் பெயர் எங்கும் பரவுவது இயல்பே.

இதனால், தமிழகத்து வயலிலும் இலங்கைக் குளத்திலும் மலாயாத் தீபகற்பத்து வாய்க்காலிலும் வாழ்வன மூன்று வெவ்வேறு சிற்றினங்கள் ஆகின்றன. தமிழ்ப்பெயரோ மூன்றுக்கும் பொருந்தும். இது தமிழின் குறையன்று. நாட்டுப்பெயர் வாழிடத்தையும் இயல்பையும் சுட்டுவது. அறிவியற்பெயர் பிறப்புறவைச் சுட்டுவது. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

4. பெயரும் பாதுகாப்பும்

பெயராராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. இந்தியாவின் விருப்பப்படி 1984இல் இந்நீர்ப்பாம்பும், அதன் உறவினதான ஒலிவ நிற நீர்ப்பாம்பும் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் மூன்றாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. தோல் வணிகத்துக்காக நீர்ப்பாம்புகள் பிடிக்கப்பட்டமை இதன் பின்னணி. சுங்கச்சாவடியில் ஒரு தோல் எச்சிற்றினத்துக்குரியது என்பதைப் பொறுத்தே சட்டம் செல்லும். அங்குப் பெயர் மயக்கம் பாதுகாப்பின் மயக்கமாகிறது.

மற்றொரு மயக்கம் நம் ஊர்களில் நிகழ்கிறது. சினமூட்டினால் இப்பாம்பு தலையை உயர்த்திக் கழுத்தைத் தட்டையாக்கும். அதனை நல்ல பாம்பென மயங்கி அடித்துக் கொல்வோர் பலர். 1796இல் ரசல் தீர்க்க முயன்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

அவ்வேறுபாட்டைக் கண்டவுடன் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே உள்ளனர். தோல் வணிகம் தடைப்பட்டபின், 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினின்றும் நஞ்செடுத்து, நச்சுமுறி மருந்துக்கு வழங்கி வருகிறது. அந்நான்கைப் பற்றிய இருளர் அறிவுக்கு இன்று ஒரு தொழில் உண்டு. நஞ்சற்ற நீர்ப்பாம்பைப் பற்றிய அறிவுக்கு அத்தகைய பயன்பாடு இல்லை. பயன்படாத அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்வது அரிது.

முடிவுரை

பழைய உரைகளிலும் அகராதிகளிலும் உயிரினப் பெயர்களுக்கு 'ஒருவகை மீன்', 'ஒருவகைப் பாம்பு' என்னும் விளக்கங்களைக் காண்கிறோம். உரைகாரர் காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கலாம். பெயரைக் கேட்டவர் பொருளை நேரில் அறிந்திருந்தார். நேரறிவு மறையும் காலத்தில் அவ்விளக்கம் வெற்றுச்சொல்லாகிறது. ரசல் பெயரைப் பதிந்தார். ஒலியையும் சொன்னவரையும் தெளிவாகப் பதியவில்லை. நம் அகராதிகள் ஒலியைப் பிழையின்றிக் காத்தன, பொருளைக் காக்கவில்லை. இரண்டும் இணைந்த பதிவே இன்றைய தேவை.

ஆகவே, தமிழ்ப் பாம்புப் பெயர் ஒவ்வொன்றையும் அது வழங்கும் ஊர், சொன்னவரின் ஒலிப்பதிவு, உயிரினத்தின் ஒளிப்படம், உறுதிசெய்யப்பட்ட சிற்றினம் ஆகிய நான்கொடு சேர்த்துத் தொகுத்தல் வேண்டும். தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழ்த்துறைகளும் விலங்கியல் துறைகளும் கூடிச் செய்யத்தக்க பணி இது. 'நீலி கோயா' என்பதன் பொருளை இனி எவரிடமும் கேட்டறிய இயலாது. 'தண்ணீர்ப்பாம்பு' முதலிய பெயர்களைச் சொல்லும் முதியோர் இன்னும் உள்ளனர். அவர்களிடம் கேட்பதற்கான காலம் நெடிதன்று.