அருவி ஆற்றில் பாய்வு வீதம் கணித்தல்

மன்னார்த் தீவில் ஆறு கிடையாது. தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில் ஓடும் அருவி ஆறே மன்னார் மாவட்டத்தின் பேராறு. அநுராதபுரப் பக்கத்தில் மல்வத்து ஓயா எனப்படும் இது 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்பு அருகே கடலில் சேர்கிறது. தேக்கம் அணைக்கட்டில் திருப்பப்படும் இதன் நீரே கட்டுக்கரைக் குளத்துக்கும் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் உயிர். காலபோகப் பயிர்ச்செய்கைக்கு எவ்வளவு நீர் வரும், மாரியில் எந்த ஊர் மூழ்கும் என்பதையெல்லாம் அறிய, ஒரு செக்கனில் ஆறு சுமந்துசெல்லும் நீரின் கனவளவு தெரிய வேண்டும். அதுவே பாய்வு வீதம்.

அதை அளக்க, ஆற்றின் குறுக்குவெட்டை முதலில் பல துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, நீரோட்டமானியை இறக்குவார்கள். ஓட்டத்தில் அதன் கிண்ணங்கள் சுழலும். குறித்த நேரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணி, கருவிக்குரிய சமன்பாட்டால் வேகத்தைப் பெறலாம். அடித்தரை உராய்வதால் கீழே ஓட்டம் மெதுவாகும். எனவே ஆழம் குறைந்த இடத்தில் மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு தடவையும், ஆழமான இடத்தில் 0.2, 0.8 பங்குகளில் இரு தடவையும் அளந்து சராசரி எடுப்பது வழக்கம். உதாரணமாக, 4 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் ஆழமும் கொண்ட துண்டில் அவ்விரு வேகங்களும் செக்கனுக்கு 0.9, 0.6 மீற்றர் என்றால் சராசரி 0.75, அத்துண்டின் பாய்வு செக்கனுக்கு 7.5 கனமீற்றர். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஆற்றின் பாய்வு கிடைக்கும்.

நாள்தோறும் இப்படி அளப்பது இயலாது. பல நீர்மட்டங்களில் அளந்த பாய்வுகளைக் கொண்டு மட்டம்–பாய்வு வளையி ஒன்று வரைந்துவிட்டால், பிறகு அளவுகோலில் மட்டத்தைப் பார்த்தே பாய்வைச் சொல்லலாம். நீர்ப்பாசனத் திணைக்களம் இவ்வாற்றின் மட்டத்தைத் தந்திரிமலையிலும் கப்பாச்சியிலும் கண்காணிக்கிறது. கழிமுகத்தருகே கடல்மட்டம் ஆற்றை எதிர்த்துத் தேக்குவதால், அங்கு மட்டத்தை மட்டும் நம்பிப் பாய்வைக் கணிக்க முடியாது.

மணற்படுகை உள்ள ஆற்றில் வளையி நிலைப்பதில்லை. வெள்ளம் மணலை அரித்துப் படுகையைத் தாழ்த்திவிட்டால், அதே மட்டத்தில் முன்னையைவிடக் கூடுதலான நீர் ஓடும். மணல் படிந்தால் குறைவாக ஓடும். பழைய வளையியை நம்பும் வெள்ள எச்சரிக்கை ஆபத்தானது. ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் புதிதாக அளந்தே ஆக வேண்டும். பெருவெள்ளத்தில் மரங்கள் அடித்துவரும்போது மானியை இறக்குவது உயிராபத்து. அப்போது மிதவை விட்டு மேற்பரப்பு வேகத்தை அளந்து, அதை ஏறத்தாழ 0.85ஆல் பெருக்கிச் சராசரியை மதிப்பிடுவதுண்டு. 1957 டிசம்பரில் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள நாச்சதூவ குளம் உடைந்ததைப் போன்ற நாளில் நீர்வரத்தை மழைக்கணக்கு மட்டும் சொல்லிவிடாது. ஆற்றிலேயே அளந்த எண் வேண்டும்.