மைசூரு மதுக்கூட உரிமமும் உள்ளாட்சி அதிகாரமும்

மைசூருவில் ஒரு மதுக்கூடம் திறக்கலாமா என்பதை முடிவு செய்வது மாநகராட்சி அன்று. மது, அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 8ஆம் இனம். 1965ஆம் ஆண்டின் கர்நாடக கலால் சட்டப்படி, கலால் ஆணையரின் ஒப்புதலோடு மாவட்ட துணை ஆணையரே உரிமம் தருகிறார். (தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் எனப்படுபவர் இவரே.) சில்லறைக் கடைக்கு சி.எல்.-2, தங்கும் விடுதிக்கு சி.எல்.-7, மதுக்கூடத்துக்கு சி.எல்.-9.

பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளியே கடை இருக்க வேண்டும் என்பது 1967ஆம் ஆண்டு விதி. குடியிருப்போருக்கு இதுவே பெரிய பிடிமானம்; ஆட்சேபணை மனுக்கள் பெரும்பாலும் இதையே பற்றி நிற்கின்றன. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017 ஜூலை விளக்கத்துக்குப் பின் நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளைக் கட்டுப்படுத்தவில்லை.

மாநகராட்சியின் கையில் எஞ்சுவது தொழில் உரிமம், கட்டட அனுமதி, துப்புரவு ஆகியவையே. பொது அமைதி கருதிக் கடைகளை மூடச் சொல்லும் அதிகாரமும் அதனிடம் இல்லை. தேர்தலில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் விற்பனைக்குத் தடை உண்டு; அதுவும் மாநகராட்சி விதிப்பதன்று.

மகாராஷ்டிரத்தில் ஒரு வார்டின் வாக்காளர்கள் வாக்களித்தே மதுக்கடையை மூடவைக்கலாம். தெருவின் தொல்லையை அன்றாடம் சுமப்பவர்களுக்குரிய அந்த உரிமை மைசூருவாசிகளுக்கு இல்லாதது பெருங்குறை. துணை ஆணையரிடம் ஆட்சேபணை மனு, அதன்பின் நீதிமன்றம் என்பவையே அவர்களுக்குள்ள முக்கிய வழிகள்.