பல்கலைக்கழக நூலகத்தில் நம் பாட்டனார்



"எங்கள் பாட்டனார் கப்பலேறி வந்தது எந்த ஆண்டு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், கியா பார்ம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல வீடுகளில் பதில் இல்லை. சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள். ஆனால் அக்கேள்விக்கு உதவும் ஆய்வுக் கட்டுரைகள் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

அது படித்தவர்களின் இடம், நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது அந்தப் பல்கலைக்கழகம். அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, வடமொழிக்கே முதலிடம் தரலாம் என்றொரு யோசனை வந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்துப் போராடினார். 1956இல் துறை பிறந்தது; தமிழுக்கு இடமும் கிடைத்தது. துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க அவர் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். எளிய மக்களும் அதற்குக் கொடுத்தார்கள். ஆகவே அந்தத் தமிழ் நூல்களுக்கு நம்மவர் காசும் போயிருக்கிறது.

1961இல் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், 1952லேயே 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதன் கட்டுரைகளும் பின்னர் நூலாக வந்தன.

இனி, தேடும் விதத்துக்கு வருவோம். புத்தகமென்றால் பெயரைச் சொன்னால் கிடைத்துவிடும். கட்டுரை அப்படியல்ல, அது ஓர் ஆய்விதழுக்குள் ஒளிந்திருக்கும். கூடைக்கு எண் உண்டு, கொழுந்துக்கு உண்டா? அதனால்தான் கட்டுரை அட்டவணை என்று தனியே ஒன்று தேவைப்படுகிறது. 1970இல் வெளிவந்த 'இண்டெக்ஸ் மலேசியானா' அப்படிப்பட்டது. அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழ்களில் 1878 முதல் 1963 வரை வந்த கட்டுரைகளை அது வரிசைப்படுத்துகிறது. இன்று பல ஆய்விதழ்களைக் கணினியிலும் தேடலாம். இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கம் இவற்றைக் குறித்துக்கொண்டு நூலகரிடம் கேளுங்கள். வெளியாருக்கு அனுமதி எப்படி என்பதை முன்னதாக விசாரித்துப் போனால் வீண் பயணம் மிஞ்சும்.

எங்கிருந்து தொடங்குவது? கர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட, மலாயா இந்தியர் குடியேற்றம் பற்றிய நூல் நல்ல வாசல். அதன் அடிக்குறிப்புகள் வேறு பல கட்டுரைகளுக்கு வழி சொல்லும். அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால், வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளையை உட்கார்த்திப் படிக்கச் சொல்லலாம்.

இப்படித் தேடினால் இரண்டு ஆண்டுகள் கைக்கு வரும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1938இல், உடலுழைப்புத் தொழிலாளரை உதவித் தொகையுடன் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. எனவே, "1940இல் கங்காணி ஆள்கட்டிக் கூட்டி வந்தார்" என்று வீட்டில் யாரும் சொன்னால், அந்த ஆண்டை இன்னொரு முறை விசாரிக்க வேண்டும்.

பாட்டனார் ஊரிலிருந்து நேரே மலைக்கு வந்தாரா, கீழே ரப்பர்க் காட்டில் பால் வெட்டிவிட்டுப் பிறகு ஏறினாரா? எந்த நூலகத்திலும் அது கிடைக்காமல் போகலாம். வீட்டில் பாட்டி இருந்தால் இன்றிரவே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.